கணக்கியல் எனக்கான துறைதானா? தொடக்க நிலைக் கணக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தணிக்கை அலுவலகத்திலோ ஏதாவது நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலோ முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளைக் கழிப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்கும்போது குரலும் தாழ்ந்துவிடுகிறது, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தணிக்கையில் தொடங்கி, ஒரு பொருளைத் தயாரிக்க ஆகும் செலவைக் கணக்கிடும் அடக்கவிலைக் கணக்குக்கு மாறி, இப்போது நிதித் திட்டமிடலில் இருக்கிறேன். இந்தத் துறையை விட்டுப் போய் நன்றாக இருக்கும் நண்பர்களும் உண்டு, போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் தப்பான துறைக்கு வந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. முதல் வருடத்தில் உங்களுக்குக் காட்டப்படுவது இந்தத் துறையின் மிகக் குறுகலான ஒரு சந்து. வவுச்சரை எடுத்துப் பதிவோடு ஒப்பிட்டு டிக் அடிப்பது, வங்கி இருப்பைச் சரிக்கட்டுவது, வராத உறுதிக் கடிதத்துக்காக நாலாவது தடவை போன் செய்வது, யாரோ போட்டுவைத்த எக்செல் தாளில் எண்களை நிரப்புவது. முழுப் படமும் மேலே இருப்பவர்களிடம் இருக்கிறது. உங்கள் கைக்கு அதில் ஒரு துண்டுதான் வருகிறது. அந்த முப்பது வவுச்சரை ஏன் பொறுக்கினார்கள், அதில் ஒன்று பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. காரணம் தெரியாமல் செய்கிற வேலை யாருக்கும் அலுக்கும்.

உங்களுக்கு மேலே இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நான் செய்கிற இந்தப் பகுதி கடைசி அறிக்கையில் எந்த வரியில் போய் உட்காருகிறது?" நல்ல மேலாளர் மகிழ்ச்சியோடு சொல்வார். பத்து நிமிட விளக்கத்தில் சிலருக்குச் சந்தேகமே கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். விளக்கம் கிடைத்த பிறகும் கரையவில்லை என்றால், அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

இது வெறும் சோர்வா, உண்மையிலேயே துறை ஒத்துவரவில்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைத் தொகுக்கும் பட்டியலான இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்கிறோம்? வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டுவைக்கிறோம். பிறகு ஒவ்வொரு பிழையாகத் தேடிப் பிடித்து அந்த இருப்பைக் கரைக்கிறோம். அனாமத்தில் நிற்கும் தொகை ஒரே பிழையால் வந்ததாக இருப்பது அபூர்வம். ஓரிடத்தில் கூட்டல் தவறியிருக்கும், இன்னோரிடத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதி மறுபக்கம் விட்டுப்போயிருக்கும், வேறோரிடத்தில் இலக்கம் இடம் மாறியிருக்கும். "எனக்கு இந்தத் துறை ஒத்துவரவில்லை" என்பதும் அப்படி ஒரு அனாமத்து இருப்புதான். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தள்ளுபடி செய்யக் கூடாது.

பிரிக்கும் வழி இது. ஆறு வாரம் ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வாரமாவது, தணிக்கை வேலை குவியும் சீசனுக்கு வெளியே வரட்டும். ஆண்டு முடிப்பு நேரத்தில் எடுக்கிற குறிப்பு தூக்கமின்மையை மட்டும்தான் அளக்கும். தினமும் மூன்று வரி போதும்: இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எந்த வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன், என் மனநிலையைக் கெடுத்தது வேலையா ஆளா. ஆறு வாரம் முடிந்ததும் கணக்குத் தலைப்புகள் போடுவதுபோல ஒவ்வொரு வரியையும் ஒரு தலைப்பின்கீழ் கொண்டுபோங்கள். செய்கிற வேலையின் தன்மை ஒரு தலைப்பு. இடமும் மனிதர்களும் இன்னொன்று. நேரமும் உடம்பும் மூன்றாவது. நாலாவது தலைப்பை எழுதத்தான் தயங்குவோம்: இந்தத் துறையை நானாகத்தான் தேர்ந்தெடுத்தேனா?

என் கதையைச் சொல்கிறேன். சேர்ந்த இரண்டாவது சீசனில் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். கொடுப்பதற்கு முன்னால், அணியில் மூத்தவர் ஒருவர் சொன்னதால் இந்தக் குறிப்பேட்டை எழுதினேன். திரும்பப் படித்தபோது எனக்கே வியப்பு. தள்ளிப் போட்ட வேலைகள் எல்லாம் கோப்பை நிரப்பும் வேலைகள். நேரம் போனதே தெரியாத நாட்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை: சரக்கிருப்பு ஏன் ஒத்துப்போகவில்லை என்று தொழிற்சாலை மேற்பார்வையாளரோடு நின்று பேசிய நாட்கள். என் வெறுப்பு கணக்கின் மேல் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சரிபார்க்கிற நிலைமேல்தான். முடிவெடுக்கும்போது கூட இருக்கத்தான் விரும்பினேன். அடுத்த ஆண்டு அடக்கவிலைப் பிரிவுக்கு மாறினேன். அந்தக் கடிதத்தை அன்று கொடுத்திருந்தால் துறையையே விட்டிருப்பேன், காரணம் என்னவென்று தெரியாமலே.

பிரித்துப் பார்த்தேன். பிரச்சினை மேலாளரும் அலுவலகமும்தான். அப்போது?

அப்படியானால் அலுவலகத்தை மாற்றுங்கள், துறையை மாற்ற வேண்டாம். பெரிய தணிக்கை நிறுவனத்தில் மூச்சு முட்டியவர் பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் மலர்வதும், சின்ன இடத்தில் எல்லா வேலையும் தலையில் விழுந்து நொந்தவர் பெரிய இடத்தின் ஒழுங்கில் நிம்மதி அடைவதும் வழக்கமாக நடப்பவை.

தணிக்கை அலுக்கிறது. ஆனால் வேறென்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. கணக்கியலுக்குள்ளேயே மாற முடியுமா?

முடியும். வெளியே பார்ப்பதற்கு முன் உள்ளே எவ்வளவு அகலம் என்று பாருங்கள். நாம் படித்தபோது பாடத்தலைப்புகளாகக் கடந்துபோனவை ஒவ்வொன்றும் தனித்தனி வாழ்க்கை.

அடக்கவிலையும் மேலாண்மைக் கணக்கும் எனக்குப் பிடித்தவை, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். 1772-இல் ஐரோப்பாவில் கடன் நெருக்கடி வந்தபோது, ஜொசையா வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேயப் பீங்கான் உற்பத்தியாளர் தன் செலவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தார். இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. தலைமை எழுத்தர் கையாடல் செய்துகொண்டிருந்தார் என்பது ஒன்று. பாத்திர அச்சுகள், வாடகை, மேற்பார்வை போன்ற செலவுகள் எவ்வளவு தயாரித்தாலும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கின்றன, ஆகவே நிறையத் தயாரித்தால் ஒரு பொருளின் அடக்கம் குறையும் என்பது மற்றொன்று. நிலையான செலவு, மாறும் செலவு என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோமே, அவர் அதைத் தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளத் தேடிக் கண்டுபிடித்தார். எந்தப் பொருளை நிறுத்துவது, எதற்கு என்ன விலை வைப்பது, இயந்திரம் வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்று இன்றும் தொழிற்சாலைகளில் நடக்கும் பேச்சில் கணக்காளர் மேசையில் அமர்ந்திருக்கிறார். இயந்திரச் சத்தமும் மனிதர்களும் பிடிக்கும் என்றால் இங்கே வாருங்கள்.

துப்பறியும் குணம் உள்ளவர்களுக்கு, நிறுவனத்துக்குள் இருந்தே சரிபார்க்கும் உள் தணிக்கையும், மோசடியின் தடத்தைத் தேடும் தடயக் கணக்கியலும் இருக்கின்றன. அல் கபோன் என்ற குற்றக் கும்பல் தலைவனை அமெரிக்க அரசு 1931-இல் சிறைக்கு அனுப்பியது வருமான வரி ஏய்ப்பு வழக்கில். பழைய சோதனை ஒன்றில் கைப்பற்றிக் கிடப்பில் கிடந்த சூதாட்டக் கூடத்தின் பேரேடு, வரித்துறைப் புலனாய்வாளர் ஃபிராங்க் வில்சன் கையில் கிடைத்தது. அதில் இருந்த கையெழுத்து யாருடையது என்று தேடிப் போய் வழக்கின் முக்கியச் சாட்சியைப் பிடித்தார்கள். 2002-இல் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மோசடியை வெளியே கொண்டுவந்தது அதன் உள் தணிக்கைக் குழு. சிந்தியா கூப்பர் தலைமையில் அவர்கள் பெரும்பாலும் இரவில், மேலிடத்துக்குத் தெரியாமல் பதிவுகளைத் தோண்டினார்கள். அன்றாடச் செலவாக எழுத வேண்டியதை மூலதனச் செலவாக, அதாவது பல ஆண்டு பயன் தரும் சொத்தாக எழுதி லாபத்தைப் பெருக்கிக் காட்டியிருந்தார்கள். முதலில் வெளிவந்த தொகையே 380 கோடி டாலர். வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்று முதலாண்டில் படித்த அதே வேறுபாடுதான்.

இவை தவிர வரி ஆலோசனை, நிறுவனத்தின் பணப்புழக்கத்தைக் கவனிக்கும் கருவூலப் பணி, கணக்கு மென்பொருளை நிறுவி நடத்தும் பணி, அரசு மற்றும் தொண்டு நிறுவனக் கணக்கு எல்லாம் உண்டு. புதிதாக வளர்வது, சுற்றுச்சூழல் போன்ற அபாயங்களை நிறுவனம் வெளிப்படுத்தும் நிலைத்தன்மை அறிக்கையிடல். சர்வதேச நிலைத்தன்மைத் தரநிலை வாரியம் 2021-இல் அறிவிக்கப்பட்டு, அதன் முதல் இரண்டு தரநிலைகள் 2023 ஜூனில் வெளிவந்தன. காலநிலை அபாயத்தைக் கணக்கறிக்கையின் ஒழுங்கோடு எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. புதிதாக வருபவரும் பத்து வருட அனுபவம் உள்ளவரும் சேர்ந்தே கற்றுக்கொள்கிற இடம் என்பதால், இளையவர்களுக்கு இதை மனமாரச் சொல்வேன்.

பள்ளியில் கணக்கு நன்றாக வந்தது, அதனால் கணக்கியல் எடுத்தேன். இங்கே கணக்கே இல்லையே?

இந்த ஏமாற்றம் நியாயமானது. பெயர்தான் குழப்புகிறது. அன்றாடக் கணக்கியலுக்குக் கூட்டல், கழித்தல், விழுக்காடு தாண்டி அதிகக் கணிதம் தேவைப்படுவதில்லை. அதற்குத் தேவை வகைப்படுத்தும் பொறுமையும், விதியைப் படித்துப் பொருள் கொள்ளும் திறமையும், எழுத்தும். ஒரு வகையில் அது சட்டத்துக்கு நெருங்கிய தம்பி. உங்களுக்கு வேண்டியது நிகழ்தகவும் எண்களில் தெரியும் ஒழுங்குகளும் என்றால், காப்பீட்டு அபாயங்களைக் கணிதத்தால் மதிப்பிடும் காப்பீட்டுக் கணிப்பியல், தரவு அறிவியல், இடர் மேலாண்மை பக்கம் பாருங்கள். காப்பீட்டுக் கணிப்பியலின் தேர்வுகள் கடினமானவை, நீண்டவை. ஆனால் கணிதத்தின் மேல் உண்மையான ஆசை இருந்தால் அந்தக் கடினமே இனிக்கும்.

இத்தனை வருடம் படித்ததெல்லாம் வீணாகிவிடாதா?

வேறொருவர் இதே கேள்வியோடு வந்தால் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். மூழ்கிய செலவு, அதாவது செலவழித்துவிட்டுத் திரும்பப் பெற முடியாத பணம், முடிவெடுக்கும்போது கணக்கில் சேராது என்று தேர்வில் எழுதியிருக்கிறீர்கள். தாளில் எழுதுவது எளிது, வாழ்க்கையில் கடினம். 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நாடகப் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. எல்லோருக்கும் அதே நாடகங்கள்தான். ஆனால் முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். கொடுத்த காசு அவர்களை இழுத்துக்கொண்டு போனது.

படிப்பு, அந்தச் சீட்டைப் போல முழுவதும் மூழ்கிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் அறிக்கையைப் படித்துப் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று புரிந்துகொள்ளும் திறமை எந்தத் துறைக்குப் போனாலும் கூடவே வரும். அதற்கு மீதி மதிப்பு உண்டு. ஆகவே கடந்துபோன ஆண்டுகளை விட்டுவிடுங்கள். இனி வரும் இரண்டு ஆண்டுகளை இங்கே கழித்தால் என்ன கிடைக்கும், அங்கே கழித்தால் என்ன கிடைக்கும் என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

தொழில்முறைத் தேர்வில் பாதி முடித்திருக்கிறேன். முடித்துவிட்டுப் போகவா, இப்போதே விடவா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. மீதி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஒன்றிரண்டு தாள் மட்டும் பாக்கி என்றால் முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். முடித்த பட்டம் ஒரு கதவைத் திறக்கும், முக்கால்வாசி முடித்ததைப் பற்றி நேர்காணலில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பாதிக்கு மேல் பாக்கி, போக விரும்பும் துறையில் அந்தப் பட்டத்துக்கு இடமே இல்லை என்றால், இன்னும் மூன்று ஆண்டுகளை அதில் போடுவதற்கு என்ன காரணம் என்று எழுதிப் பாருங்கள். "பாதியில் விட்டவன் என்று பெயர் வரும்" என்பது மட்டும்தான் காரணமாக எழுத வருகிறது என்றால், விடலாம்.

இடைவழியும் உண்டு. பெற்ற தேர்ச்சிகளுக்கு எங்கெங்கே விலக்கு கிடைக்கும் என்று பாருங்கள். ஏசிசிஏ என்ற சர்வதேசக் கணக்காளர் தேர்வின் 13 தாள்களில் முன்படிப்பைப் பொறுத்து ஒன்பது வரை விலக்கு தருகிறார்கள். உள் தணிக்கையாளருக்கான சர்வதேசத் தேர்வு மூன்று பாகம், முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான சிஎஃப்ஏ மூன்று நிலை, தகவல் அமைப்புத் தணிக்கைக்கான சிஐஎஸ்ஏ ஒரே தேர்வு. ஆனால் ஒரு சந்தேகத்திலிருந்து தப்பிக்க இன்னொரு தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். படிக்கும்போது முடிவை ஒத்திப்போட முடிகிறது என்பதாலேயே சிலர் பட்டத்துக்குப் பின் பட்டமாகச் சேர்க்கிறார்கள். அவர்களுடைய அனாமத்து இருப்பு அப்படியே நிற்கிறது.

திரும்பத் திரும்பத் தேர்வில் தவறுகிறேன். எனக்கு இந்தத் துறைக்குத் தகுதி இல்லையா?

தேர்வில் தவறுவதும் வேலையில் தவறுவதும் வேறு வேறு. முழுநேர வேலையோடு இரவில் படிப்பவர் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் நேரமும் எழுதிப் பார்க்காததும்தான். பாடத்தைப் படித்துக்கொண்டே இருப்பார்கள், மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து ஒரு தாளை முழுதாக எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும், பாடத்தைத் திறந்தாலே உடம்பு மறுக்கிறது, சாப்பாடும் தூக்கமும் கெடுகிறது என்றால், தேர்வை ஒரு சுற்றுத் தள்ளிவையுங்கள், ஒரு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். உடல்நிலை தேறிய பிறகு எடுக்க வேண்டிய முடிவு இது.

மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் எல்லாவற்றையும் செய்துவிடும் என்கிறார்கள். மூழ்கும் கப்பலில் ஏறியிருக்கிறேனா?

2013-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃபிரே, ஆஸ்போர்ன் இருவரும் 702 தொழில்களை எடுத்து, இயந்திரமயமாகும் வாய்ப்பை மதிப்பிட்டார்கள். கணக்காளர், தணிக்கையாளர் என்ற வரிக்கு எதிரே 0.94, அதாவது நூற்றுக்கு 94 வாய்ப்பு என்று போட்டார்கள். அந்த எண் இன்னும் இளைஞர்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. ஆண்டுகள் கடந்தும் தொழில் இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் வேலை மாறிவிட்டது.

இது முதல் தடவையும் இல்லை. 1979-இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் விசிகால்க் என்ற மின்தாளை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு ஒரு வட்டி விகிதம் மாறினால் பெரிய தாளில் உள்ள எல்லா எண்களையும் ரப்பரால் அழித்துக் கையால் திரும்ப எழுத வேண்டும். மின்தாள் வந்ததும் பேரேடு எழுதும் எழுத்தர் வேலைகள் சுருங்கின, 'இப்படி ஆனால் என்ன, அப்படி ஆனால் என்ன' என்று கேட்டுப் பார்க்கும் கணக்காளர், பகுப்பாய்வாளர் வேலைகள் பெருகின. சுருங்கிய பக்கம் இருந்தவர்களுக்கு அது வலித்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே உங்கள் குறிப்பேட்டைத் திரும்ப எடுங்கள். உங்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் பதிவுசெய்வதிலும் ஒப்பிடுவதிலும் போகிறது? அந்த மணி நேரங்கள் குறையும். எத்தனை மணி நேரம், ஒரு எண் ஏன் அப்படி இருக்கிறது என்று மனிதரிடம் கேட்பதிலும், விதியில் தெளிவில்லாத இடத்தில் தீர்மானிப்பதிலும், அந்தத் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பதிலும் போகிறது? அவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் இரண்டாவது வகை வேலையை நெருங்கவே வழியில்லை என்றால், கிளம்ப அது நல்ல காரணம்.

கணக்கியலை விட்டே போக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எங்கே போகலாம்?

பட்டியல் நீளமானது, ஆனால் பட்டியலிலிருந்து தொழில் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குறிப்பேட்டில் நேரம் போனதே தெரியாத வரிகள் எங்கே காட்டுகின்றனவோ, அங்கிருந்து தொடங்குங்கள். எக்செல்லில் சூத்திரம் கட்டுவதுதான் மகிழ்ச்சி தந்தது என்றால் தரவுப் பகுப்பாய்வு. எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியை ஓரளவு கற்க, வேலையோடு சேர்த்துச் சில மாதங்கள் போதும். மென்பொருள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது என்று எரிச்சல் வந்துகொண்டே இருந்தால், கணக்கு மென்பொருள் உருவாக்கும் நிறுவனங்களுக்கு உங்களைப் போன்றவர்கள் தேவை. சார்லஸ் ஹாஃப்மன் என்ற அமெரிக்கக் கணக்காளர் 1998-இல் நிதி அறிக்கைகளைக் கணினி படிக்கும் வடிவில் எழுதினால் என்ன என்று தொடங்கியதுதான் எக்ஸ்பிஆர்எல். இன்று பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் நிறுவனங்களிடம் அந்த வடிவத்தில்தான் அறிக்கை கேட்கின்றன. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நாட்கள் இனித்தன என்றால் ஆசிரியப் பணி. ஒப்பந்தங்களைப் படிப்பது பிடித்தது என்றால் சட்டம். பொருள் நகர்வதைப் பார்ப்பது பிடித்தது என்றால் கொள்முதல், விநியோகச் சங்கிலி.

எண்களுக்குத் தொடர்பே இல்லாத ஆசையும் வரலாம். இசை, சமையல், செவிலியம், தச்சு. அதையும் சொல்லத் தயங்காதீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: அந்தத் தொழிலில் இருக்கும் மூன்று பேரிடம் போய், அவர்களுடைய சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். எல்லாத் தொழிலுக்கும் டிக் அடிக்கிற ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தையும் சகித்துக்கொள்ள முடியும் என்று தோன்றினால் ஆசை உறுதியானது.

வேலையை விட்டுவிட்டுத் தேடவா, இருந்துகொண்டே தேடவா?

முடிந்தவரை இருந்துகொண்டே. நைக்கியைத் தொடங்கிய ஃபில் நைட் ஒரு கணக்காளர். 1964-இல் காலணி விற்கும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பிறகும் பல ஆண்டுகள் தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்தார், பிறகு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்தார். 1969-இல்தான் முழுநேரமாகக் காலணித் தொழிலுக்கு வந்தார். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது எடுக்கிற முடிவில் பதற்றம் குறைவு.

விட்டே ஆக வேண்டும் என்றால், குறைந்தது ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். கடன் தவணையோ உங்களை நம்பி இருப்பவர்களோ உண்டென்றால் அதைவிடக் கூடுதலாக. சீசன் நடுவில் விடாதீர்கள். உங்கள் பங்கைச் சுமக்கப்போவது பக்கத்து மேசை நண்பர்தான், பின்னாளில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்போவதும் அவர்தான்.

மேலாளர் தவறான பதிவு போடச் சொல்கிறார். அதனால்தான் துறையே வெறுக்கிறது.

இதைத் தொழில் சந்தேகமாக எண்ணி ஆறு வாரம் குறிப்பெழுதிக்கொண்டிருக்காதீர்கள். போடாதீர்கள். சொன்னதை எழுத்தில் கேளுங்கள், உங்கள் மறுப்பையும் எழுத்தில் வையுங்கள், நிறுவனத்தில் புகார் வழி இருந்தால் அதில் போங்கள், உங்கள் தொழில்முறை அமைப்பின் நெறிமுறை உதவியை நாடுங்கள், தேவைப்பட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள். வேறு வேலை தேடத் தொடங்குங்கள். வேர்ல்ட்காமில் அந்தப் பதிவுகளைப் போட்டவர்கள் நடு நிலையில் இருந்த கணக்காளர்கள். முதலில் தயங்கினார்கள், 'இந்தக் காலாண்டு மட்டும்' என்ற வார்த்தையை நம்பினார்கள், அடுத்த காலாண்டும் போட்டார்கள். கட்டளைப்படி செய்தோம் என்பது அவர்களைத் தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை. உங்கள் வயதுக்கும் பதவிக்கும் 'முடியாது' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது? என் படிப்புக்காக நிறையக் கஷ்டப்பட்டார்கள்.

"பிடிக்கவில்லை" என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு சொல் அவர்கள் காதில், நாங்கள் பட்ட பாடு வீண் என்று விழும். குறிப்பேட்டைக் காட்டுங்கள். என்ன வேலை செய்கிறேன், எது ஒத்துவருகிறது, எது வரவில்லை, அடுத்து எங்கே முயற்சி செய்கிறேன், எத்தனை மாதம் ஒதுக்கியிருக்கிறேன், அதற்குள் நடக்காவிட்டால் என்ன செய்வேன் என்று சொல்லுங்கள். பயம் பெரும்பாலும் தெரியாததன் மேல்தான். அவர்கள் உடனே சம்மதிக்காமல் போகலாம். ஒரே உட்காரலில் முடிய வேண்டிய பேச்சு இல்லை இது.

நேர்காணலில் 'ஏன் மாறுகிறீர்கள்' என்று கேட்டால்?

பழைய இடத்தைக் குறை சொல்லாமல், செய்த ஒரு வேலையை விவரமாகச் சொல்லுங்கள். "சரக்கிருப்பில் வித்தியாசம் வந்தது, காரணத்தைத் தேடினேன், இதைக் கண்டேன், அந்தத் தேடல்தான் எனக்குப் பிடித்தது, உங்கள் வேலையில் அது தினமும் இருக்கிறது." இவ்வளவு போதும்.

எல்லாம் யோசித்தும் இரண்டு பக்கமும் சரிசமமாகவே நிற்கிறது.

ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர் ஒரு விசித்திரமான ஆய்வு செய்தார். வாழ்க்கை முடிவில் தயங்கி நிற்பவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொன்னார். இருபதாயிரம் தடவைக்கும் மேல் நாணயம் சுண்டப்பட்டது. வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகளில், மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆறு மாதம் கழித்துக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்ததாகச் சொன்னார்கள். தானாக முன்வந்து பங்கேற்றவர்களை வைத்துச் செய்த ஆய்வு, ஆகவே எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் எனக்கு அது சொல்வது, இழப்பை நாம் சற்று மிகையாகவே கணக்கிடுகிறோம் என்பது. நீண்ட நாள் யோசித்தும் தராசு நேராக நிற்கிறது என்றால், சிறிய அளவிலாவது மாறிப் பாருங்கள். உள்ளேயே வேறு பிரிவுக்கு மூன்று மாதம் கேட்பதுகூட ஒரு மாற்றம்தான்.

போய்விட்டு, அதுவும் ஒத்துவராவிட்டால் திரும்பி வர முடியுமா?

வரலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் தணிக்கையை விட்டு நாலு ஆண்டு பள்ளி ஆசிரியராக இருந்தார். திரும்பி வந்தபோது வரிச் சட்டத்திலும் கணக்குத் தரநிலைகளிலும் வந்திருந்த மாற்றங்களைப் படிக்க ஒரு கோடைகாலம் முழுவதும் ஆனது. ஒரு படி கீழே இறங்கித்தான் சேர்ந்தார். இப்போது அந்த அலுவலகத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர்தான். முதல் நாள் வவுச்சர் கட்டைக் கொடுக்கும்போதே, அதிலிருந்து கடைசி அறிக்கையின் எந்த வரிக்குப் போகப்போகிறோம் என்று பலகையில் வரைந்து காட்டுகிறாராம். போகும்போது உறுப்பினர் தகுதியை மட்டும் காலாவதியாக விடாதீர்கள். ஆண்டுக் கட்டணத்தையும் தொடர் கல்வி மணி நேரத்தையும் பற்றி உங்கள் அமைப்பிடம் கேட்டு, தற்காலிக விலகல் நிலை இருந்தால் அதற்கு விண்ணப்பித்துவிட்டுக் கிளம்புங்கள்.